வசந்தமலர் மொழிபெயர்த்த படம்

திரையில் அந்தப் பெண் கையுறையைக் கழற்றியபோதே அது எந்தப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படம் தொடங்கி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

லண்டனில் ஸ்ட்ரெதம் பக்கத்துத் தியேட்டரொன்றில் செவ்வாய் மதியங்களில் அறுபது தாண்டியவர்களுக்குப் பழைய படம் போடுவார்கள். தேநீரும் பிஸ்கட்டும் சேர்த்தி. இன்றைக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு யுத்தகாலக் காதல். நரைத்த வெள்ளைக்காரர்கள் முப்பது பேர், நடுவில் நான் ஒருவன்.

கதாநாயகனுக்கு இராணுவ உடையும் தேவைக்கு அதிகமான அழகும். கதாநாயகி எப்போதும் வெளிச்சம் தன் இடக் கன்னத்தில் விழும்படியே நிற்பாள். இருவரும் செத்து எத்தனையோ காலம். ஆனாலும் எனக்கு அவர்கள் நெருங்கிய சொந்தம்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, பாரிஸில், இவர்களைப் பார்த்துத்தான் நானும் வசந்தமலரும் புருசன் பெண்சாதியாக நடக்கப் பழகினோம்.

அதற்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. வேறு யாரோ ஒரு தம்பதியின் பாஸ்போர்ட்டுகளில் எங்கள் படங்களை மாற்றி, எங்களை லண்டனுக்கு அனுப்ப இருந்தார் ஏஜென்சிக்காரர் கொட்வின். வசந்தமலருக்கு அங்கே எட்மண்டனில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. எனக்கு லண்டனில் ஒரு நாயும் காத்திருக்கவில்லை.

ஒத்திகையைப் பார்த்துக் கொட்வின் தலையில் அடித்துக்கொண்டார். நான் முன்னால் போக, அவள் நாலடி பின்னால் வந்தாள். ஊரில் கலியாணம் கட்டியவர்கள் அப்படித்தானே நடப்பார்கள்.

“உப்பிடிப் போனா டோவர் துறைமுகத்திலயே பிடிச்சுத் திருப்பி அனுப்புவான். இந்தப் படத்தைப் பாத்துக் கை கோத்து நடக்கப் பழகுங்கோ,” என்று ஒரு வீடியோ கசெட்டைத் தந்துவிட்டுப் போனார்.

ஒன்பது நாள், ஒரு சின்ன அறை, ஒரே படம். பிரெஞ்சில் குரல் கொடுத்த பிரதி. எனக்கு ஒரு சொல் விளங்காது. மூன்று வருடம் பாரிஸில் வேலை செய்த வசந்தமலர்தான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னாள்.

முதல் நாள் எங்களுக்கு நடுவில் ஒரு சூட்கேஸ் இருந்தது. ஐந்தாம் நாள் அது சுவரோரம் போய்விட்டது. யார் நகர்த்தியது என்று நான் கேட்கவில்லை.

கடைசிக் காட்சியில் மட்டும் அவள் ஒவ்வொரு முறையும் தடுமாறினாள். ரயில் நிலையம். நாயகி அவனுடைய கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள்.

“என்னைத் தேடாதேங்கோ, நீங்கள் நல்லா இருக்கோணும் எண்டு சொல்லுறா,” என்பாள் வசந்தமலர், தரையைப் பார்த்தபடி.

டோவரில் கை கோத்து நடந்தோம். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

லண்டன் விக்டோரியா பஸ் நிலையத்துக்கு மாப்பிள்ளை வரப் பிந்திவிட்டது. இருபது நிமிடம் ஒரே வாங்கில் இருந்தோம். இனி நடிக்கத் தேவையில்லை, ஆனால் பிடித்த கையை இருவரும் விடவில்லை.

போகவேண்டாம் என்று கேட்டால் என்ன? வாய்வரை வந்தது. உடனே அந்த வசனமும் நினைவுக்கு வந்தது. தேடாதே என்று படத்தைச் சாட்டி முன்கூட்டியே சொல்லிவிட்டாள், மரியாதையாக இரடா என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். பஸ் நேர அட்டவணையை இரண்டு தரம் வாசித்து முடித்தேன். மாப்பிள்ளை வந்தார்.

அதற்குப் பிறகு நான் கலியாணம் கட்டவில்லை. அவளுக்கு விருப்பமில்லை, அதனால் கேட்காமல் விட்டது சரி. இந்த ஒரு ஆறுதலை வைத்துக்கொண்டு முப்பது வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுவிட்டேன்.

இன்றைக்குத்தான் படத்தை அதன் சொந்த ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

ரயில் நிலையம் வந்தது. நாயகி பொத்தானைப் பிடித்தாள்.

போகாதே என்று ஒரேயொரு தரம் சொல், நான் நின்றுவிடுகிறேன் என்றாள்.

அவன் சொல்லவில்லை.

சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் சொற்கள். பிரெஞ்சிலும் அதில் கடினமாக எதுவும் இருந்திருக்காது. ஆனால் வசந்தமலர் அதைத் தமிழில் சொல்வதென்றால், அந்தச் சின்ன அறையில், என்னிடம் சொல்லவேண்டும்.

விளக்குகள் எரிந்தன. பக்கத்து இருக்கைக் கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டிஷ்யூவை நீட்டினாள். இந்தப் படத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள்.

ஓம் என்று தலையாட்டினேன்.