கார்டு ஒருத்தருக்குத்தான்

"கார்டு ஒருத்தருக்குத்தான் செல்லுமாம். நான் முன்னாடி போறேன், நீ பொறுமையா வா" என்று சொல்லிவிட்டு, அடிக்கடி விமானத்தில் பறப்பவர்களுக்கான ஆளில்லாத வரிசையில் முகுந்தன் நுழைந்து போனான். கைக்குழந்தையும் நான்கு வயது மகளுமாக அவன் மனைவி அகல்யா பொது வரிசையின் கடைசியில் நின்றாள். சோதனை வாசலுக்கு வரவே ஐம்பது நிமிடம் ஆனது. வெந்நீர் பிளாஸ்கைத் திறக்கச் சொன்னார்கள். தள்ளுவண்டியை மடிக்கச் சொன்னார்கள். ஒரு கையால் அது மடியவில்லை. "அம்மா, அவசரம்மா" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்த மகள், நின்ற இடத்திலேயே நனைந்துபோனாள். பின்னால் இருந்தவர்கள் முகம் சுளித்து விலகினார்கள்.

அகல்யா விமானத்தில் ஏறியபோது முகுந்தன் இரண்டாவது வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். கார்டுக்காக அந்தப் பெரிய இருக்கையைச் சும்மாவே கொடுத்திருந்தார்கள்.

"ஏன் இவ்ளோ லேட்டு? லவுஞ்சுல இட்லி சூடா இருந்துச்சு, தெரியுமா?"

அகல்யா குழந்தையை அவன் மடியில் கிடத்தினாள். ஈரப் பாவாடையோடு மகளைத் தூக்கி அவன் முழங்காலில் உட்காரவைத்தாள்.

"ஏய், என்ன பண்றே? எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும்."

இருபத்தேழாவது வரிசைக்கு நடந்துபோய் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். முன்னாலிருந்து குழந்தை வீறிட்டது. "அகல்யா!" என்று முகுந்தனின் குரலும் வந்தது. தலைகள் திரும்பின. அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பெல்ட்டை இன்னும் இறுக்கினாள்.