ஐந்தாம் இருக்கை

விரல்கள் இன்னும் கையோடுதான் இருக்கின்றனவா என்று ரோரி குனிந்து பார்த்துக்கொண்டான். பிப்ரவரி மாதக் குளிரில் கேம் நதியில் துடுப்பு பிடிப்பவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது சகஜம்தான்.

"ரெண்டு படகும் பக்கத்துல வாங்க!" கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் கத்தினார் கோச் மெரடித். "ரோரி, பார்னபி! ரெண்டு பேரும் இடம் மாறுங்க. இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்."

எட்டுப் பேர் துடுப்பு போடும் கல்லூரியின் முதல் படகில் ஏழு பேர் முடிவாகிவிட்டார்கள். பாக்கி ஐந்தாம் இருக்கை மட்டும்தான். அதற்கு ரோரியும் பார்னபியும் போட்டி. நால்வர் படகுகள் இரண்டை ஓடவிட்டு, பிறகு இவர்கள் இருவரை மட்டும் மாற்றி உட்காரவைத்து மறுபடியும் ஓடவிடுவார்கள். எவன் ஏறினால் படகு முந்துகிறதோ, இருக்கை அவனுக்கு.

முதல் ஓட்டத்தில் பார்னபி இருந்த படகு ஜெயித்துவிட்டது. அதற்கு ரோரி பட்ட பாடு யாருக்கும் தெரியாது. துடுப்பைத் தண்ணீரில் வைப்பான், முகத்தை எட்டுக் கோணலாக்குவான், படகுக்கு வேகம் தரும் காலால் மட்டும் உதைக்கமாட்டான். நடிப்புக்கு இருக்கை கொடுப்பதாக இருந்தால் அன்றைக்கே கொடுத்திருக்கலாம்.

கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தான். போதவில்லை. பாதி பலத்தில் இழுத்தும் அவன் படகே முன்னால் போயிற்று. கடைசியில் துடுப்பைச் சும்மா நனைத்து நனைத்து எடுத்தான்.

அக்டோபரில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவன் ரோரி. அழுகை வரவில்லை, பசி வரவில்லை, எதுவுமே வரவில்லை. எதிர் அறைப் பார்னபிதான் தினமும் விடிவதற்கு முன்னால் கதவை உதைத்தான். "எந்திரிடா பொணமே! படகுல ஒரு ஆள் குறையுது!"

குறைந்ததோ இல்லையோ, இழுத்துக்கொண்டு போனான். நவம்பர் பந்தயத்தில் அவர்கள் படகு கடைசியாக வந்து ஊரே சிரித்த அன்றும், பயிற்சி முடிந்து எல்லாரும் ஒரே மேசையில் ஓட்ஸ் கஞ்சிக்கு அடித்துக்கொண்ட காலைகளிலும், பார்னபி பக்கத்தில் இருந்தான். ஒரு காலத்தில் முதல் படகில் துடுப்பு போட்ட அவன் அப்பாவின் பெயர் படகுக் கூடத்துச் சுவரில் தங்க எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே அவன் பெயரும் வரட்டும் என்று ரோரி முந்தின நாளே முடிவு செய்திருந்தான்.

இரண்டாவது ஓட்டம் தொடங்கியது.

"என்னடா ரோரி, தூங்குறியா?" பின் இருக்கையில் துடுப்பு போட்ட கெத்தின் என்பவன் சீறினான். "உனக்கும் சேர்த்து நான் இழுக்கணுமா?"

"கை மரத்துப்போச்சுடா."

"கை மட்டும்தானா?"

இந்த முறையும் ரோரியின் படகு பின்தங்கியது. ஜெயித்த படகில் பார்னபி துடுப்பின் மேல் கவிழ்ந்து கிடந்தான். உயிரைக் கொடுத்து இழுத்தவன் அப்படித்தான் கிடப்பான் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அஞ்சாவது இருக்கை பார்னபிக்கு. ரோரி, நீ ரெண்டாவது படகு," என்றார் கோச்.

"சரி கோச்."

மனசு நிறையும் என்று எதிர்பார்த்திருந்தான். ஒன்றும் நிறையவில்லை. வருத்தமாவது வரும் என்று பார்த்தான், அதுவும் வரவில்லை.

அந்தக் கிளப்பில் யாரும் தானாக விலகுவதில்லை. போட்டியில் தோற்று இடத்தை விட்டால் கேவலம் இல்லை. ஜெயித்தவன் பீர் வாங்கித் தருவான், தோற்றவன் கை குலுக்கிவிட்டுக் குடிப்பான், அத்தோடு கணக்குத் தீர்ந்தது. அன்று மாலை ஆற்றோர மதுக்கடையில் பார்னபி ஒரே ஒரு கோப்பை வாங்கி வந்து ரோரியின் முன்னால் வைத்தான்.

"உனக்கு?"

"வேண்டாம்."

"ஜெயிச்சவன் மூஞ்சியாடா இது? அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னியா?"

"இல்ல." பார்னபி அவனையே பார்த்தான். "உண்மையைச் சொல்லு. நீ விட்டுக்கொடுத்தியா?"

ரோரி பீர் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லவும் தெம்பில்லை.

"நீ கதவை உதைக்கலைன்னா நான் அந்த ரூமுலயே செத்திருப்பேன்டா. உனக்குக் கொடுக்க என்கிட்ட வேற என்ன இருக்கு?"

பார்னபி கையை நீட்டவில்லை.

"போன மாசம் டாக்டர் என் நெஞ்சைப் பார்த்தாரு. இனிமே பந்தயம் கூடவே கூடாதுன்னுட்டாரு. பாதி பலம்கூடப் போட முடியலடா எனக்கு."

ரோரி கோப்பையைத் தள்ளி வைத்தான். "அப்புறம் எதுக்குடா இன்னிக்கு வந்தே? கோச்சுகிட்ட சொல்லிட்டு விலகியிருக்கலாமே?"

"சொன்னா சீக்காளின்னு பரிதாபப்பட்டு இறக்கிவிடுவாங்க. ஒரு நல்ல ஆளுகிட்ட தோத்து, துடுப்புக்காரனாவே இறங்கிப் போகணும்னு ஆசைப்பட்டேன்."

பார்னபி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான்.

"உன்னை நம்பித்தான்டா தோக்க வந்தேன்."