கழற்றிய காதுக்கருவி

இந்த நாட்டில் எங்களைப் போல வந்தேறியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே காதில் கருவி பொருத்திவிடுகிறார்கள். வீட்டில் பெற்றோர் எப்படிக் கத்தினாலும், பிள்ளைக்கு அது அதே குரலில் கனிவான பேச்சாகத்தான் கேட்கும். கழற்றினால் பள்ளிக்குத் தெரிந்துவிடும்.

என் மகள் இதழினிக்கு எட்டு வயது. நேற்று பேருந்தில் தூங்கிப்போய், எங்கோ இறங்கி, பனியில் நடந்து, இருட்டிய பிறகே வீடு வந்தாள். அதுவரை தெருத்தெருவாகத் தேடிய என் மனைவி மங்கை வாசலிலேயே வெடித்தாள்.

“எங்கடி போய்த் தொலைஞ்ச, எருமை? செத்தே போயிட்டேன்டி நானு!”

இதழினி பூட்ஸைக் கழற்றியபடி என்னிடம் கேட்டாள்.

“அப்பா, நான் காணாமப் போனா அம்மாவுக்குக் கவலையே இல்லையா? ‘வந்துட்டியா கண்ணு, உக்காரு’ன்னு சொல்றாங்க.”

மங்கை மகளின் காதிலிருந்த கருவியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். குரல் உடைந்த பிறகும் நிறுத்தவில்லை. இதழினி மிரண்டாள், அழுதாள், அப்புறம் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

என் கைபேசி அடித்தது. பள்ளிதான்.

“எடுக்காதப்பா,” என்றாள் இதழினி. “அம்மா இன்னும் முடிக்கல.”