தட்டோரத்துக் கைகள்

சூளைப் புகையில் மங்கிய காலை வெளிச்சம் இங்கிலாந்தின் பர்ஸ்லெம் நகரத்து வீடொன்றின் சமையலறை மேசைமேல் விழுகிறது. ஏழு வயது திர்சாவின் முன்னால் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அதன் விளிம்பைச் சுற்றி ஆங்கில எழுத்துகளும், ஒவ்வொன்றையும் சைகையில் காட்டும் சின்னச் சின்னக் கைகளும் நீல மையில் அச்சாகியிருக்கின்றன. மார்கழியில் வந்த காய்ச்சல் அவள் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். அவளிடம் எதைச் சொல்லவும் இந்தத் தட்டிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டவேண்டும். தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள்: "அம்மா, எனக்குத் திரும்பக் காது கேக்குமா? குளிர் போனதும் கேக்கும்னு சொன்னியே!" அடுப்பில் ஓட்ஸ் ரொட்டி புரட்டிக்கொண்டிருந்த கெசையா கையைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். பூட்சு மாட்டிக்கொண்டிருக்கும் அப்பா ஈனாக் நிமிராமலே சொல்கிறான்: "இன்னைக்காவது உண்மையைச் சொல்லிடு. இன்னும் எத்தனை நாள் சாக்கு சொல்லுவே?" கெசையா திருப்பிக் கேட்கிறாள்: "நீயே சொல்லேன். இந்தத் தட்டு வந்து இத்தனை நாளாச்சு, ஒரு எழுத்தாவது பழகினியா?" ஈனாக் பூட்சுக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறான். இனிக் கேட்காது, 'நோ' என்று சொல்ல ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, அடுத்தடுத்து இருக்கும் N, O. கெசையா முதல் எழுத்தின் கைமேல் விரலை வைக்கிறாள். அந்த விரல் அடுத்த எழுத்தை நோக்கி விளிம்போரமாக நகரத் தொடங்கியதுமே திர்சா அதை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறாள். கெசையா விரலை இழுக்கவில்லை.