அகலம்

பழைய படங்களைச் சீர்செய்து டிஸ்க்காக வெளியிடும் இக்பால், ஒரு படத்தின் சரியான திரை அளவை, அதாவது அகல உயர விகிதத்தை, உறுதிசெய்துகொள்ள அதன் ஒளிப்பதிவாளர் ஞானப்பிரகாசத்தின் வீட்டுக்கு வந்திருந்தான். அந்த அளவு பற்றி ரசிகர்கள் இணையத்தில் ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவரின் டிவியில் அதே படம் இரு பக்கமும் இழுபட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“சார், குதிரை எருமையாட்டம் நடக்குது. நீங்க எடுத்த படத்த நீங்களே இப்படிப் பாக்கலாமா?” என்று சிரித்தபடி இக்பால் ரிமோட்டை எடுத்து அளவை மாற்றினான்.

இரண்டு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை வந்து நின்றது. நடுவில் கதாநாயகியின் முகம் ஒடுங்கியது. கன்னங்கள் உள்ளே போயின, கழுத்தெலும்புகள் எழுந்தன. அவள் கிழவரின் மனைவி. அது அவளுடைய கடைசிப் படம்.

“டப்பிங் பேச அவ இல்ல தம்பி. இதுல வர்றது வேற பொண்ணு குரல்,” என்றார் அவர்.

இக்பால் ரிமோட்டை நீட்டினான். அவர் வாங்கிப் படத்தை மறுபடி அகலமாக இழுத்துவிட்டார். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஒரு பெண்ணின் முகம் திரையை நிறைத்தது.

“நீங்க வெச்ச அளவுதான் சரி. டிஸ்க்குல அப்படியே போடுங்க,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்குக் காப்பி அனுப்ப வேணாம்.”