இரண்டு பட்டைகளுக்கு நடுவே

மின்தடையின் அளவு பூஜ்ஜியத்தில் வந்து நின்றது.

அவள் சிரிக்கவில்லை. திரையை முறைத்தாள்.

"என் பையன் கணக்குல பூஜ்ஜியம் வாங்கிட்டு வந்தப்போ நானும் இப்படித்தான் முறைச்சேன்," என்றார் குளிர்கலத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹீலியம் அண்ணன். "இது நல்ல பூஜ்ஜியம்மா. கொஞ்சம் சிரி."

"ஷார்ட்டா இருந்தாலும் இதேதாண்ணே வரும்."

குளிர்கலத்தின் அடியில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு படிகம். உள்ளே மின்சாரத்தை விடாது. மேல்தோலில் மட்டும் ஓடவிடும். அதன் மேல் நியோபியம் என்ற உலோகத்தில் இரண்டு பட்டைகள். நடுவே, தலைமுடியை இருநூறாகக் கிழித்தால் ஒரு கீற்று நுழையும் இடைவெளி.

இந்தக் குளிரில் நியோபியத்துக்குத் தடையே கிடையாது. ஒட்டியிருக்கும் படிகத்தின் தோலும் அந்தக் குணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சகவாச தோஷம்தான், நல்ல விதத்தில்.

ஆனால் ஏதோ ஒரு பிசிறால் பட்டைகள் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் படிகத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் குறுக்கே போய்விடும். அதுவும் பூஜ்ஜியம்தான். பொய்ப் பூஜ்ஜியம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில், இதே பட்டைகள், இதே பூஜ்ஜியம். நிரம்பிய அரங்கில் ஒரு குரல் எழுந்தது.

"ஷார்ட் சர்க்யூட்டுக்கெல்லாமா கட்டுரை?"

அரங்கு சிரித்தது. நான்கு வருட உழைப்பு ஒரு வரியில் போனது. அதன் பிறகு எந்த இதழும் அந்தக் கட்டுரையைத் தொடவில்லை.

அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

உண்மையைச் சொல்ல ஒரு வழி உண்டு. காந்தப்புலத்தை மெல்ல ஏற்றினால், தடையில்லாமல் ஓடும் மின்சாரத்தின் அளவு விழுந்து, எழுந்து, மறுபடி விழ வேண்டும். படிகத்தின் வழியாகப் போனால் அந்த அலை வரும். பிசிறுக்கு அலை தெரியாது.

ஏற்றினாள்.

திரையில் புள்ளிகள் இறங்கின. தரையைத் தொட்டன.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

அடுத்த புள்ளி, சற்று மேலே.

அதற்கடுத்தது, இன்னும் மேலே.

ஒரு மேடு. பிறகு பள்ளம். பிறகு அதைவிடச் சின்ன மேடு.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே கத்தினாள். பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

"அலை வருது! பாருங்க, அலை!"

போனை எடுத்தாள். இரண்டு வருடமாக அழைக்காத எண். ஐந்தாவது மணியில் எடுக்கப்பட்டது.

"ஏய், நீயே அளந்து பாருன்னு அனுப்பினியே, உன் படிகம், அது உண்மைடி. என் மெஷின்ல, என் கண்ணால பாத்துட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"கேக்குதா? அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி ஷார்ட் சர்க்யூட்டுக்கெல்லாமா கட்டுரைன்னு உன்னைக் கேட்டேனே. அக்கா தோத்துட்டேன்டி!"

அறையே கேட்கும்படி சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு.

தங்கையின் குரல் வந்தது.

"எத்தனை மேடு வந்துருக்கு?"

"ஏழு. இரு, இரு... எட்டு."