ஜன்னல் எத்தனை?

"ஜன்னல் எத்தனைன்னு கேட்டு எழுதின மனுஷன் இவர்தான்யா! செருப்பு ஃபாக்டரிக்கு ஜன்னல் எத்தனைன்னு!"

வட்டாரப் பொருளாதாரக் குழுவின் தலைவர் சொன்னதும் மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. தலைநகரத்திலிருந்து வந்திருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் நேர்ல போய் எண்ணினேன் தலைவரே," என்றார் குழுவின் செயலாளர் அம்மாள். "கக்கூஸ் ஜன்னலையும் சேர்த்து."

"அதுக்கு முன்னாடி கூரை தகரமா, ஓடான்னு கேட்டார். அதுக்கும் முன்னாடி, வாட்ச்மேன் கண்ணாடி போடுவாரான்னு!"

"வேற வேலை இல்ல போலிருக்கு," என்றார் உறுப்பினராக இருந்த பஸ் முதலாளி.

"ஒவ்வொண்ணுக்கும் அந்த வாரமே பதில் அனுப்புவோம். உடனே அடுத்த கேள்வி வந்து நிக்கும். எங்க வட்டாரத்துல எதை வளர்க்கணும், எதை மூடணும்னு எங்களுக்குத் தெரியாதா சார்? உங்க ஆபீசுக்குச் செருப்புத் தேய நடந்தோம்."

"அதுவும் ஃபாக்டரிக்கு வியாபாரம்தானே," என்றார் அதிகாரி.

யாரும் சிரிக்கவில்லை.

வட்டாரத் தொழில்களுக்கு மானியம் கொடுப்பதும் நிறுத்துவதும் நேற்றுவரை தலைநகரத்தின் வேலை. இன்றுமுதல் இந்தக் குழுவின் வேலை. பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மாலை ரயிலைப் பிடிப்பதுதான் அதிகாரிக்கு மிச்சம்.

"முதல் விஷயமே அந்த ஃபாக்டரிதான். இன்னைக்கே முடிக்கிறோம். வேகம்னா என்னன்னு பார்த்துட்டுப் போங்க சார்."

செயலாளர் விதியைப் படித்தார். தொடர்ந்து நஷ்டத்தில் ஓடும் தொழிலுக்கு மானியத்தை நிறுத்த வேண்டும். விதிவிலக்கு எதுவும் இல்லை.

"மானியம் நின்னா?"

"மறுநாளே பூட்டுத்தான் தலைவரே."

"அதிகாரம் இப்ப நம்ம கையில. விதியை மாத்த முடியாதா?"

"விதி அவங்களோடது. கையெழுத்துதான் நம்மளோடது."

தலைவர் கதவைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். அந்தத் தொழிற்சாலையில் தையல் பிரிவு. அவளுடைய சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. காலையில் அவர் படியேறும்போதே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, மழைக்கால பூட்ஸுக்குப் பெரிய ஆர்டர் ஒண்ணு பேசிக்கிட்டிருக்காங்க. கொஞ்ச நாள்ல முடிவாயிடும். நீ எல்லாத்தையும் டக்டக்னு முடிக்கிற ஆளு. இதை மட்டும் கொஞ்சம் மெதுவா முடியேன்."

"குழுவுக்குள்ள அண்ணன் தங்கச்சி கிடையாது," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்திருந்தார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஏன் சார், இத்தனை வருஷமும் இதே விதிதானே?"

"இதேதான்."

"அப்ப அந்த ஃபாக்டரி எப்படி மூடாம இருந்துச்சு?"

அதிகாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அடுத்த பக்கத்துல இன்னொரு விதி இருக்கு. யாரும் அவ்வளவு தூரம் படிக்கிறதில்ல. எழுத்துல ஒரு கேள்வி போயிருந்தா, பதில் வர்ற வரைக்கும் மானியத்தை நிறுத்தக் கூடாது."

சிரித்த வாய்களெல்லாம் டீயைத் தேடின.

"நீங்க சாவகாசமா பதில் போட்டிருந்தா, ஒரு கேள்வியே ஒரு வருஷம் தாங்கியிருக்கும். நீங்களோ ரொம்பச் சுறுசுறுப்பு. நானும் எத்தனைதான் சார் யோசிக்கிறது? கடைசியில ஜன்னலுக்கு வந்துட்டேன்."

ரயிலுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் பெஞ்சில் இருந்தவளுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. காலை மட்டும் கொஞ்சம் மடக்கி வழிவிட்டாள்.

தலைவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, அந்த ஃபாக்டரிக்குக் கதவு எத்தனை?"

"மொத்தம் ஏழு, தலைவ..."

"வாயால சொல்லாதீங்கம்மா. ஃபாக்டரிக்கு எழுதிக் கேளுங்க. சாதாரணத் தபால்ல."